கன்னத்தில் வைத்த மச்சம்

வில்லியனூரின் பழைய புகைப்படங்களை ஊர்ப் பிள்ளைகள் திரட்டுகிறார்கள். புகை கக்கி நிற்கும் ரயில், மாதா கோயில் குளத்தங்கரைக் கூட்டம், தேர் இழுக்கும் வெற்று முதுகுகள், பெயரில்லாத முதுகுகள். எங்கள் வீட்டிலிருந்து ஒரே படம் போனது. ஸ்டுடியோவில் வரைந்த மாடிப்படிக்கு முன்னால், கவுன் போட்ட ஒரு சிறுமி.

“நீங்களாக்கா இது? ஜாடை அப்டியே இருக்குது” என்றான் படம் வாங்க வந்த பையன்.

“என் தங்கச்சிப்பா.”

தங்கச்சி மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். ஐந்து வயது. பிள்ளையைப் படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று அம்மா ஒருமுறைகூட விட்டதில்லை. ஆயுசும் போயிற்று, படமும் இல்லை. அப்போது நாங்கள் பக்கத்து ஊரான உறுவையாற்றில் இருந்தோம். அந்த வீட்டில் அம்மா சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருப்பாள், வாய்க்குப் போகாது. “இன்னா பண்ணியும் அவ மூஞ்சி வர மாட்டேங்குதுய்யா” என்பாள் அப்பாவிடம். வேறு பேச்சில்லை.

காரியத்துக்கு முன்பு அப்பா என்னை சைக்கிளில் ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனார். எனக்கு ஏழு வயது. தங்கச்சியின் கவுன் அக்குளைப் பிடித்தது. அப்பா விரலில் மை தொட்டு என் இடது கன்னத்தில் ஒற்றினார். கண்ணை மூடி யோசித்தார். எச்சில் தொட்டு அழித்துவிட்டு வலது கன்னத்தில் வைத்தார்.

“பல்லக் காட்டாதடி. அவ வாய மூடிக்கினுதான் நிப்பா.”

படம் சட்டம் போட்டு வந்தது. “தேருக்குப் போனப்ப எங்க அக்கா உனக்குத் தெரியாம எடுத்துட்டுதாம்” என்று அம்மாவிடம் நீட்டினார். என்னைப் பார்க்கவேயில்லை. அம்மா அதை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரு கை சோறு தின்றாள். அப்பா பின்பக்கம் போய் வெகுநேரம் முகம் கழுவினார்.

தினமும் படத்துக்குப் பூ, பொட்டு. எனக்குப் பொறுக்கவில்லை. என் முகத்தின் முன்னால் நின்றுகொண்டு அம்மா வேறொருத்தியைக் கொஞ்சுகிறாள். ஒரு காலையில் அவள் எனக்குத் தலை வாரும்போது சொல்லிவிட்டேன்.

“அது நான்தாம்மா.”

சீப்பு நிற்கவில்லை.

“தெரியும்டி. அவளுக்கு மச்சம் எடது கன்னத்துல. மெதுவா பேசு, உங்கப்பா காதுல வுழப்போவுது.”

அவ்வளவு பெரிய ரகசியத்தைச் சொல்லியும் அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லையே என்று அழுகை வந்தது. வெளியே அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தால்தான் என்ன என்று எனக்கு விளங்கவில்லை.