அமெரிக்காக்காரருக்குப் போட்ட இலை

இது கட்டுக்கதையாக இருந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். போன ஐப்பசியில், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், என் கண்ணெதிரே நடந்தது இது. கூட இருந்தவன் விக்ரம். அவனையே கேட்டுப் பாருங்கள் என்று சொல்லலாம்தான்... அவன் இப்போது ஃபோனை எடுப்பதில்லை.

என் கொள்ளுத்தாத்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார். பெயர் ஆதிகேசவன். நூறு வருடத்துக்கு முன்னால் கப்பலேறி அமெரிக்கா போனவர். கலிஃபோர்னியாவில் பழத்தோட்டக் கூலியாக இருந்து, பிறகு சின்னதாக ஒரு கடை வைத்தார். மெக்சிகோக்காரப் பெண் ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டார். பிள்ளை, பேரன் என்று வம்சம் அங்கேயே வளர்ந்தது. ஒருவரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. கொள்ளுப்பேரன் விக்ரம்தான் முதல் ஆள். ‘அக்கா’, ‘நன்றி’, இந்த இரண்டைத் தவிர அவனுக்குத் தமிழ் தெரியாது. எங்கள் பேச்செல்லாம் இங்கிலீஷில்தான்.

"அவர் பொறந்த வீட்டைப் பாக்கணும் அக்கா" என்றான்.

பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிற வீடு அது. மறுநாள் அவனுக்கு விமானம். அதனால் அன்றைக்கே, தூறலோடு தூறலாகப் போனோம். மாலை ஐந்தே முக்கால் இருக்கும். சாவி பக்கத்து வீட்டுப் பொன்னியம்மாளிடம் இருந்தது.

"சாவி எதுக்கு கலாவதி? தொறந்துதான கீது. உங்க வீட்டுப் பொண்ணு யாரோ காலைலேர்ந்து கூட்டிப் பெருக்கிக்கினு இருக்குதே" என்றார் அவர்.

எங்கள் வீட்டில் என்னை விட்டால் வேறு பெண் கிடையாது.

கதவு திறந்துதான் இருந்தது. தரை கழுவி, ஈரம் காயவில்லை. தாளித்த வாசனை வந்தது. பின்கட்டில் ஒரு அகல்விளக்கு எரிந்தது. அதன் முன்னால் இரண்டு வாழை இலைகள். ஒன்று சாப்பிட்டு மடித்தது. இன்னொன்றில் சோறு... ஆவி பறந்துகொண்டிருந்தது.

"எனக்காகவா அக்கா? நன்றி!"

சிரித்துக்கொண்டே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

வேண்டாம் என்று கத்தினேன். வாய்தான் திறந்தது. சத்தம் வரவில்லை.

கால் நகரவில்லை.

க்ளிங்... க்ளிங்...

கண்ணாடி வளையல் சத்தம். அவனுக்கு எதிரே யாரும் இல்லை. குழம்பு மட்டும் அவன் சோற்றில் விழுந்தது.

பிசைந்தான்.

சாப்பிட்டான்.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கண்ணை மூடக்கூட முடியவில்லை.

அவன் நிமிர்ந்தான். எதிரே இருந்த வெற்றிடத்தைப் பார்த்தான். தெளிவாக, எங்கள் தெருத் தமிழில் சொன்னான்:

"போதும், கிருஷ்ணம்மா. நீ உக்காரு. அதான் வந்துட்டேன் இல்ல?"

விளக்கு அணைந்தது.

அப்போதுதான் எனக்குக் கால் வந்தது. அவன் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்தேன்.

"என்ன ஆச்சு அக்கா? இன்னும் வீட்டையே பாக்கலையே" என்றான்.

அவன் விரலிடுக்கில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது.

வெளியூர் போயிருந்த அப்பா மறுநாள் சாயங்காலம்தான் வந்தார். கிருஷ்ணம்மா யார் என்று கேட்டேன். அப்பா முகம் மாறியது.

"பெரிய தாத்தாவோட மொத சம்சாரம்மா, கிருஷ்ணம்மாள். இங்கியே உட்டுட்டுப் போனாரே... அங்க வேற கண்ணாலம் கட்டிக்கினாருன்னு சேதி வந்த அன்னிக்கு, சோறாக்கி ரெண்டு எல போட்டுச்சாம். அவருக்கு ஒண்ணு, தனக்கு ஒண்ணு. தன்னுத சாப்ட்டுட்டு அப்டியே சாஞ்சிடுச்சு. சோத்துல விஷம்."

விக்ரமுக்கு ஃபோன் போட்டேன். அணைத்து வைத்திருந்தான். விமானம் கிளம்பிவிட்டிருந்தது. திரும்பத் திரும்பப் போட்டேன். வேறு என்ன செய்ய முடியும்?

அந்த வாரக் கடைசியில் அவன் தங்கை கலிஃபோர்னியாவிலிருந்து கூப்பிட்டாள்.

"விக்ரம் நல்லாத்தான் இருக்கான் அக்கா. யார்கிட்டயும் பேசறதில்ல, அவ்வளவுதான். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்... ஏர்போர்ட்ல அவன்கூட வந்தாங்களே, புடவை கட்டிக்கிட்டு, செருப்பு இல்லாம... யாரு அவங்க? எங்கம்மாவக் கிச்சனுக்குள்ளயே விட மாட்டேங்கறாங்க. இன்னிக்கு எங்க எல்லாருக்கும் அவங்கதான் சமைக்கிறாங்க."