அவித்த பயறின் வெப்பநிலை

கலச்சுவாசத்தில் வெப்பம் வெளிவிடப்படுவதைக் காட்டும் பரிசோதனையின் மூன்றாவது விதி இது: முளைக்கும் பயறையும் அவித்த பயறையும் குடுவைகளில் இடுமுன் தொற்றுநீக்கியில் கழுவ வேண்டும். முப்பது வருடம் இதை வகுப்பில் எழுதக் கொடுத்தவன் நான். ஒரே ஒரு வருடம் கழுவவில்லை. பாடசாலையில் தொற்றுநீக்கி தீர்ந்திருந்தது. கோரிக்கைப் படிவத்தை மூன்று பிரதிகளில் அனுப்பியிருந்தேன். படிவத்தில் ஒரு பிழையும் இல்லை, தொற்றுநீக்கிதான் வரவில்லை.

அந்த வகுப்பில் என் மகளும் இருந்தாள்.

முளைக்கும் பயறு உயிருள்ளது. அதன் கலங்கள் ஒட்சிசனைக் கொண்டு குளுக்கோசைச் சிதைத்துச் சக்தி பெறுகின்றன. பிடித்துவைக்க முடியாத பங்கு வெப்பமாகப் போய்விடுகிறது. அவித்த பயறு செத்தது, சூடாகாது. வெப்பமானியைப் பார்க்காமலே எழுதக்கூடிய விடை, எல்லோரும் எழுதினார்கள். அவள் மட்டும் மூன்றாம் நாள் அவித்த பயறும் நான்கு பாகை ஏறியதாக எழுதியிருந்தாள். அவதானிப்புப் பிழை என்று சிவப்பு மையால் வெட்டினேன்.

"நான் பாத்ததத்தான் எழுதின, வாப்பா."

"வகுப்புல வாப்பா இல்ல, சேர்."

மற்றவர்களுடையதைப் பார்த்துத் திருப்பி எழுதச் சொன்னேன். எழுதினாள். அதற்குப் பிறகு என்னிடம் அவள் சொன்னதெல்லாம் நான் எதிர்பார்த்த விடைகளே. இப்போது கனடாவில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் பேசுவாள்: சுகம், வேலை நல்லது, குளிர் கொஞ்சம் கூட. புள்ளி குறைக்க இடமே வைக்கமாட்டாள்.

மனைவி மௌத்தான பின் அலவத்துகொட வீட்டில் நான் மட்டும்தான். அவள் அளந்த சுண்டுப் பேணியாலேயே நானும் அளப்பதால் எதை அவித்தாலும் பாதி மிஞ்சும். அப்படி மிஞ்சிய பயறை இந்த வருடம் சட்டியில் மூடி வைத்து மறந்துவிட்டேன். அடுப்புப் பற்றவைத்து இரண்டு நாளாகியிருந்தது. கொட்டப் போகும்போது விரல் பட்டது. நடுவில் இளஞ்சூடு.

கொட்டாமல் சட்டியைத் திரும்ப மூடி வைத்தேன்.

மறுநாள் கண்டிக்குப் போய் வெப்பமானி வாங்கினேன். கடைக்காரர் காய்ச்சலுக்கா என்று விசாரித்தார். பயறுக்கு என்றேன். மேற்கொண்டு கேட்கவில்லை. அலுமாரியிலிருந்த பிளாஸ்க் இரண்டையும் எடுத்து, அவித்த பயறைத் தொற்றுநீக்கியில் கழுவி ஒன்றிலும், கழுவாமல் மற்றதிலும் இட்டுப் பஞ்சால் அடைத்தேன். காலையும் மாலையும் குறித்தேன். வீட்டில் என்னைத் தவிர வேறொன்று சுவாசிக்கிறதா என்று பார்ப்பதே மூன்று நாட்களுக்கு வேலையாயிற்று. கழுவியது அப்படியே இருந்தது. கழுவாதது ஏறியது. பயறு செத்ததுதான், அதைத் தின்ன வந்த பற்றீரியாக்கள் சுவாசித்துக்கொண்டிருந்தன. அவள் பார்த்தது சரி.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பெருவிரல் படம் ஒன்று வரும். ஆகவே அட்டவணையை இணைத்துப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். உன் அவதானிப்பு சரி, பிழை என்னுடையது, விதி மூன்றை நான் கைவிட்டேன் என்று எழுதினேன். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்த படிவம் அதுதான்.

அதன் பின் சில ஞாயிறுகள் பேசினாள். கடிதத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. பதில் வராத கடிதத்துக்கு நினைவூட்டல் எழுதும் முறையை நான் பலருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எழுதவில்லை. பிறகு ஒரு ஞாயிறு அழைப்பே வரவில்லை. தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு இஷாத் தொழுகை வரை இருந்தேன். அடுத்த ஞாயிறும் அப்படியே போனது.

கடைசியில் வந்தது ஒரு குரல் பதிவு. அவளுடைய ஞாயிற்றுக்கிழமைக் குரல் அல்ல.

"வாப்பா, கடிதம் கெடச்சிச்சி. எனக்கு வேல போய் ஆறு மாசமாகுது. சொன்னா திருத்துவீங்கண்டுதான் சொல்லல்ல."

அன்று வெசாக் போயாப் பௌர்ணமிக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை.