லிஸ்பன் குச்சிக்கறியும் என் வாயில் வராத 'வாங்க'வும்

குச்சியில் கறி சுட்டு விற்கிற தொழிலில் கை சுடுவது பெரிய விஷயமே இல்லை. வாயைத் திறந்து நாலு பேரை 'வாங்க' என்று கூப்பிடுவதுதான் பெரிய விஷயம்.

பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தும், 'இறங்கணும்' என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்தவர்கள் இதைப் படிக்கிறவர்களில் கட்டாயம் இருப்பீர்கள். நானும் உங்கள் ஆள்தான். எட்டாவதோடு படிப்பை நிறுத்தினவள், அதனால் எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பேச வராதவளுக்கு எழுதவாவது வருதே என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கதவைத் திறந்ததும் கத்தினார்கள்

என் மாப்பிள்ளை (எங்கள் மேலப்பாளையத்தில் புருசனுக்கு அதுதான் பேர்) காதர், லிஸ்பனில் ஒரு ஜப்பான்காரம்மா நடத்துகிற கடையில் அடுப்படி வேலை பார்த்தார். கோழி, மீன், காளான், மிளகாய் என்று எல்லாவற்றையும் மூங்கில் குச்சியில் கோத்துக் கரியடுப்பில் சுட்டுத் தருகிற கடை. பெரிய ஓட்டலெல்லாம் இல்லை. கட்டட வேலைக்காரர்களும் காலேஜ் பிள்ளைகளும் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்து சாப்பிடுகிற மலிவான இடம். ஒரு கோடையில் என்னையும் மகள் சமீராவையும் அங்கே வரவழைத்திருந்தார். ஒரு சாயங்காலம், "நான் வேலை பாக்குற இடத்துல வந்து ஒரு வாய் சாப்பிடு" என்றார்.

கதவைத் திறந்து ஒரு கால்தான் வைத்திருப்பேன். உள்ளே இருந்த வேலைக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். வரக்கூடாத இடத்துக்கு வந்துவிட்டேன் போல என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டேன். அவர் அடுப்பு விசிறியும் கையுமாக ஓடி வந்தார். "ஏ புள்ள, எங்க போற? வாங்கன்னுல்லா சொல்லுதாங்க! யாரு வந்தாலும் இப்படிச் சத்தம் போட்டுத்தான் கூப்பிடணும். அது அவுங்க பழக்கம்." நான் கேட்டேன், "வாங்கன்னா இப்படின்னா, போங்கன்னு எப்படிச் சொல்லுவாங்க மச்சான்?"

மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். அந்த ஊர்க் கறி ஹலால் இல்லை, நமக்கு ஆகாது என்பதால் தனிக் கம்பியில் வைத்து மீனும் பச்சை மிளகாயும் சுட்டு, உப்பு மட்டும் தூவித் தந்தார். மிளகாயெல்லாம் வெண்டைக்காய் மாதிரி சாதுவாக இருந்தது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று எனக்குத்தான் வந்தது. கண்ணில் தண்ணி கொட்டுகிறது, தண்ணி கேட்க வாய் வரவில்லை. முதலாளியம்மா பார்த்துவிட்டு ஒரு சொம்பு தண்ணியை என் முன்னால் வைத்து அந்த ஊர்ப் பேச்சில் ஏதோ சொன்னார். அதில் 'மேசை' என்ற ஒரு சொல் மட்டும் விளங்கியது. அந்த ஊரிலும் மேசைக்கு மேசைதானாம். மற்றதை என் மாப்பிள்ளை தமிழில் சொன்னார்: "நாளைக்கும் இதே மேசைக்கு வரச் சொல்லு. நாளைக்கு நாங்க கொஞ்சம் மெதுவாக் கத்துறோம்."

ருசி பார்க்காத கை

ஊருக்குத் திரும்பிய பிறகு சமீரா வாப்பாவைப் பார்த்ததெல்லாம் போனில்தான். ஒரு நாள் நான் போனைக் காணாமல் தேடினால், அதைத் தலையணையில் படுக்க வைத்து, துணியைப் போர்த்தித் தட்டிக்கொண்டிருக்கிறாள். "சத்தம் போடாதீங்க உம்மா, வாப்பா தூங்குதாங்க" என்றாள். அதை நான் அவரிடம் சொன்ன அடுத்த மாசமே மூட்டை கட்டிவிட்டார். முதலாளியம்மா, "வர்ற நோன்புப் பெருநாள் வரைக்கும் உன் இடத்துல வேற ஆள் போட மாட்டேன்" என்று சொல்லி அனுப்பினார்களாம். அதற்குள் நம் ஊரில் கடை ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் அவர் திரும்ப லிஸ்பன், சமீராவுக்குத் திரும்பத் தலையணை.

கறி மேல் தடவிச் சுட ஒரு கறுப்புக் குழம்பு உண்டு. லிஸ்பனில் அதில் சாராய வகை ஒன்று சேரும். அதனால் அத்தனை வருசமும் கிண்டினாரே தவிர நாக்கில் வைத்ததே இல்லை. கரண்டியைத் தூக்கினால் எப்படி வழிகிறது, வாசம் எப்படி வருகிறது என்று பார்த்தே பதம் சொல்வார். இங்கே வந்து சாராயத்தை விட்டுவிட்டு, உடன்குடிக் கருப்பட்டியும் சோயா சாஸும் இஞ்சி பூண்டும் போட்டுக் காய்ச்சினார். முதல்முறையாக நாக்கில் வைத்துவிட்டு, "இதுதானா அது?" என்று என்னைக் கேட்கிறார். நான் என்னத்தைக் கண்டேன்! அவர் உம்மாவிடம், அதாவது என் மாமியிடம், ஒரு கரண்டி கொடுத்தோம். மாமி கண்ணை மூடிச் சப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கறிக்கு எப்படின்னு தெரியல வாப்பா. நெஞ்சுச் சளிக்கு நல்லாக் கேக்கும்."

சால்னா எங்கே?

பாளையங்கோட்டையில் ஒரு மாடிவீட்டின் முன்பக்கத்தைப் பிடித்துக் கடை போட்டோம். முதல் நாள் வந்த ரெண்டு பேர் குச்சியைத் தொடாமல் உட்கார்ந்தே இருந்தார்கள். நான் தூரத்தில் நின்று, ஏதாவது முடி கிடக்கிறதோ என்று பதறிக்கொண்டிருந்தேன். கேட்கவும் கூச்சம். கடைசியில் அவரே போய், "ஆறிரும் அண்ணாச்சி, சாப்பிடுங்க" என்றார். "சால்னா வரட்டும்" என்றார்கள்.

சால்னா இல்லை, குச்சிக்கறிக்கு அது தேவையில்லை, குழம்பைத் தடவித்தான் சுட்டிருக்கிறது என்று அவர் விளக்கமாகச் சொன்னார். ரெண்டு பேரில் பெரியவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு அடுப்புக்குப் பின்னால் எட்டிப் பார்த்தபடி சொன்னார்: "இருக்கட்டும் தம்பி, எல்லாருக்கும் ஊத்தாட்டாலும் எங்களுக்கு மட்டும் பைய ஒரு கரண்டி ஊத்துங்க, வெளிய சொல்ல மாட்டோம்."

உருவிப் போடுகிறவர்கள்

குச்சியைப் பிடித்து ஒவ்வொரு துண்டாகக் கடித்துத் தின்ன வேண்டும், உருவினால் சாறு போய்விடும் என்பது லிஸ்பன் பாடம். நம் ஆட்களோ வந்ததும் முதல் வேலையாக எல்லாக் குச்சியையும் இலையில் உருவிப் போட்டு, பக்கத்துக் கடையில் வாங்கிய பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுப் பிசைவார்கள். அதைப் பார்க்கும்போது என் மாப்பிள்ளை முகம், பிள்ளைக்கு ஊசி போடுவதைப் பார்க்கிற தகப்பன் முகமாக ஆகிவிடும். ஒருவரிடம் சொல்லியே விட்டார். அதற்கு அவர்: "நாங்க கையில குச்சிய வச்சுக்கிட்டு வித்தை காட்டவா வந்தோம்? பசிச்சுல்லா வந்திருக்கோம் வே!"

மோட்டார் பார்க்க வருகிற அண்ணாச்சி

கட்டடத்துச் சொந்தக்காரர் சுத்த சைவம். கடை கேட்கும்போதே, "கறி சுட்டுக்கோங்க, ஆனா எனக்கு ஆகாது" என்று சொல்லியிருந்தார். கடை திறந்ததிலிருந்து தினமும் சரியாக அடுப்பு மூட்டுகிற நேரத்துக்குத் தண்ணி மோட்டார் பார்க்க இறங்கி வருவார். மோட்டார் பின்பக்கம் இருக்கிறது. அண்ணாச்சி முன்பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அடுப்புப் புகை ஒத்துக்கொள்ளாமல் சண்டைக்கு வருகிறார் என்றே நான் பயந்தேன்.

என் மாப்பிள்ளை அவருக்காகத் தனியாக ஒரு சின்ன அடுப்பு வாங்கி, சிறுகிழங்கும் பஜ்ஜி மிளகாயும் கோத்துச் சுட்டுக் கொடுத்தார். அண்ணாச்சி ஒரு குச்சியை முடித்துவிட்டு நாற்காலியை இன்னும் கொஞ்சம் கோழி அடுப்புப் பக்கமாக இழுத்துப் போட்டார். நான் மிரண்டு பார்த்ததைக் கவனித்துவிட்டார் போல. "கோழி திங்க மாட்டேன்னுதானம்மா சொன்னேன்" என்றார். "வாசம் பிடிக்காதுன்னு என்னைக்காவது சொன்னேனா?"

சத்தம் போட்ட பலன்

இவ்வளவு சொன்னேனே தவிர, கூட்டம் என்று ஒன்றும் இல்லை. நோன்பு தொடங்கிவிட்டது. பகலில் அடைத்து, நோன்பு திறந்த பிறகு கடை போட்டோம். பெருநாள் கிட்டக்க வர வர என் மாப்பிள்ளை பேச்சு குறைந்தது. ஒரு நாள், "லிஸ்பன்ல மாதிரி கூப்பிடாததுதான் கோளாறு" என்று சொல்லிவிட்டு, ரோட்டில் ஆள் தெரிந்ததும் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், "வாங்க!" என்று. கையில் வேறு கரி கிளறுகிற இரும்புக் கம்பி.

போன பைக் ஒன்று கிரீச்சென்று நின்றது. ரெண்டு வாலிபர்கள் இறங்கிச் சட்டைக் கையை மடித்துக்கொண்டே ஓடி வந்தார்கள். நம் ஊரில் ஒருத்தன் கம்பியோடு ரோட்டைப் பார்த்துக் கத்தினால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தானே உண்டு? வந்தவன் என் மாப்பிள்ளை தோளில் கை போட்டுக் கேட்டான்: "ஆளக் காட்டுங்க அண்ணாச்சி, எவன்லே அது?"

என் முறை

அன்றைக்குத்தான் அந்த வேலை என் தலையில் விழுந்தது. "நீ முன்னால நில்லு, உன்னையப் பாத்து யாரும் பயப்பட மாட்டாங்க" என்றார். நான் முக்காட்டை இழுத்துவிட்டு, சமீராவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். நாலு குடும்பம் போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் 'வாங்க' தொண்டை வரை வரும், ஆள் தாண்டிய பிறகு வெளியே வரும். அவர் அடுப்புக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பெருநாளுக்குப் பிறகு இந்த ஆள் இங்கே நிற்க மாட்டாரே என்று நினைத்ததும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டேன். என் காதுக்கே பாதிதான் கேட்டது.

கண்ணைத் திறந்தால் எதிரே ஒரு அம்மா, அம்பது வயசிருக்கும். "என்ன தாயி சொன்ன?" என்று பக்கத்தில் வந்தார். மறுபடியும் சொன்னேன். "வாரேன், வாரேன். நல்லாருக்கியளா?" என்று உள்ளே வந்து உட்கார்ந்தார். திசையன்விளைக்காரராம், மகள் வீட்டுக்கு வந்தவராம். சமீராவை மடியில் வாங்கிக்கொண்டார். மூணு குச்சி கோழி சாப்பிட்டார். என் பிறந்த ஊர், மாமியார் எப்படி, பிள்ளைக்குப் பல் எப்போ முளைத்தது எல்லாம் விசாரித்தார். பிறகு எழுந்து, பிள்ளை கன்னத்தைத் தடவிவிட்டு, "போயிட்டு வாரேன்" என்று நடந்துவிட்டார். துட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. என் மாப்பிள்ளை, "கேக்கலையா?" என்றார். "வாங்கன்னு கூப்பிட்டு உக்கார வச்சவங்கட்ட எப்படி மச்சான் கேக்க?" என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார், ரொம்ப நாளைக்குப் பிறகு. "நீ கூப்பிட்டா கடை ஓடாது புள்ள, கல்யாண வீடுதான் ஓடும்!"

வேன் வந்தது

பெருநாளுக்குச் சில நாள்தான் இருந்தது. அவர் டிக்கெட் விலை பார்ப்பதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன். அன்று அடுப்பு மூட்டியதும் வாசலில் ஒரு வேன் நின்றது. அதிலிருந்து முதலில் ஒரு கட்டு முருங்கைக்காய் இறங்கியது, அதற்குப் பின்னால் அந்தத் திசையன்விளை அம்மா, அவருக்குப் பின்னால் மகள், மருமகன், சம்பந்தி வீடு, பிள்ளை குட்டிகள். இருந்த பெஞ்சு பத்தவில்லை. அண்ணாச்சி தன் நாற்காலியையே கொடுத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்தார். சம்பந்தி வீட்டார் உருவிப் பிசைந்தார்கள். என் மாப்பிள்ளை அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ரோட்டில் போனவர்கள், என்னமோ விசேஷம் என்று எட்டிப் பார்த்தார்கள். பார்த்தவர்களை நான் 'வாங்க' என்றேன். எல்லாரும், "என்னம்மா சொன்ன?" என்று கிட்டக்க வந்தார்கள்.

கிளம்பும்போது அந்த அம்மா என் கையில் துட்டைத் திணித்தார். நான் கையை இழுத்துக்கொண்டேன். அவர் விடவில்லை. "அன்னைக்கு நீ கூப்பிட்ட கூப்புக்குத் துட்டு குடுத்தா உன் மொகம் சுண்டிருமோன்னுதான் பேசாமப் போனேன் தாயி. இன்னைக்கு வாங்கலன்னா எங்க எல்லார் மொகமும் சுண்டிரும்."

போனில் முதலாளியம்மா

பெருநாள் வரை கடையில் பெஞ்சு காலியாக இல்லை. பெருநாளன்று கடை அடைப்பதாகத்தான் இருந்தோம், வந்தவர்கள் விடவில்லை. அன்று சாயங்காலம் என் மாப்பிள்ளை லிஸ்பனுக்குப் படத்தோடு போன் போட்டார். என்ன சொல்லப் போகிறார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வாசலில் முதுகைக் காட்டி நின்றுகொண்டேன். அந்த ஊர்ப் பேச்சு எனக்கு விளங்காது. ஆனால் நான் திரும்பிப் பார்த்தபோது சமீராவைத் தூக்கிப் போனுக்கு நேரே காட்டிக்கொண்டிருந்தார். அவள் வாப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு போனைப் பார்த்துக் கையாட்டினாள். அவர் திரும்பப் போகவில்லை என்று அதில் விளங்கிவிட்டது.

முதலாளியம்மா நான் கூப்பிடுவதைப் பார்க்க வேண்டும் என்றாராம். என் மாப்பிள்ளை போனை என் பக்கம் திருப்பினார். அந்த நேரம் பார்த்து ஒரு குடும்பம் வந்தது. 'வாங்க' என்றேன். அந்தப் பக்கத்தில் முதலாளியம்மா காதைப் போனோடு ஒட்டி வைத்து, மறுபடியும் சொல்லச் சொல்லி, அப்புறம் ஒரே சிரிப்பு. அவர் சொன்னதை என் மாப்பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு தமிழில் சொன்னார்: "எங்க கடையா இருந்தா இவள ஒரே நாள்ல வீட்டுக்கு அனுப்பிருப்பேன். அது சரி, இவளுக்குப் பின்னால அவ்வளவு பேரு நிக்காங்களே, அவுங்களுக்கு யாரு குச்சி சுடுதா?"

ஆகவே வாய் வராத என் சொந்தங்களே, சத்தமாகக் கூப்பிட்டால் ஆள் திரும்பித்தான் பார்க்கும், நம்மைப் போலக் கூப்பிட்டால் என்ன சொன்னோம் என்று கேட்கவாவது கிட்டக்க வரும், மிச்சத்தை அடுப்பு வாசம் பேசிக்கொள்ளும்.