முதலாளி திரையை யார் அணைப்பது?

சனிக்கிழமை மத்தியானம் ஆபீசில் இருந்தவர்கள்: மேனேஜர், பில் போடும் சாந்தியக்கா, லோடு ஏற்றிவிட்டு பில்லுக்காக நின்ற லாரி டிரைவர், நான். இல்லாதவர் ஒருவர்தான் — முதலாளி. உடுமலைப்பேட்டையில் சொந்தக்காரக் கல்யாணம். மூன்று நாளாக அங்கேதான்.

நான் வேலை பார்ப்பது நூல் வியாபாரக் கம்பெனியில். யூனிக்ஸ் ஓடும் கம்ப்யூட்டர் மெஷின் ஒன்று. அதில் மாட்டிய திரைகள் நான்கு. திடீரென்று பில் வரவில்லை. புது ப்ராசஸுக்கு, அதாவது இன்னொரு வேலையை ஓட்ட, இடமில்லை என்றது மெஷின்.

"ஏனுங்க, பில் இல்லாம போனா கேரளா எல்லையில வாளையார் செக்போஸ்ட்டுல மாலை போட்டு அனுப்புவாங்களா?" என்றார் டிரைவர்.

ஓடும் ப்ராசஸ்களின் பட்டியலைப் பார்த்தேன். வரிசையாக ஜோம்பிகள்! வேலை முடிந்து செத்துப்போன ப்ராசஸ்கள். அவற்றைத் தொடங்கிவைத்த, அதாவது பெற்ற, ப்ராசஸ் 'முடிந்ததா, சரி' என்று கேட்டுக்கொள்கிறவரை பட்டியலை விட்டுப் போகாது. ப்ராசஸைக் கொல்லும் கில் கமாண்ட் கொடுத்தேன். மறுபடியும் கொடுத்தேன். செத்ததை எப்படிக் கொல்வது?

பெற்றதை நிறுத்தினால்தான் உண்டு. தேடினால்... முதலாளி திரையில் ஓடும் ஸ்டாக் புரோகிராம்! ஒவ்வொரு பில்லுக்கும் சரக்கைக் கழிக்க ஒரு ப்ராசஸைப் பெற்றுவிடுவது அதுதான். தினமும் கடைசியாக அவர் அணைத்துவிட்டுப் போவார், எல்லாம் சுத்தமாகிவிடும். இந்த முறை அணைக்கவில்லை. நாங்களும் தொடவில்லை. தூசி விழாமல் மேனேஜர் துண்டு வேறு போர்த்தியிருந்தார்.

"நிறுத்திப்போடட்டுங்களா?" என்று மேனேஜரைக் கேட்டேன்.

"அய்யோ, அதுல என்ன அடிச்சு வெச்சிருக்காரோ! போச்சுன்னா நீங்க பதில் சொல்லுவீங்களா தம்பி?"

வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வீட்டில் முதலில் படித்தவன் நான். 'பையன் கம்ப்யூட்டர் பாக்கறான்' என்று அப்பா ஊரெல்லாம் சொல்லியாயிற்று.

முதலாளியைக் கேட்க நானும் மேனேஜரும் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினோம். போனை முதலில் வாங்கியவர் மேனேஜர். "நல்லாருக்கீங்களா? அம்மணிக்கு கால்வலி தேவலைங்களா? அங்க மழைங்களா?" மீட்டர் ஓடுகிறது... வெளியே டிரைவர் ஹாரன் அடிக்கிறார்...

ஒருவழியாக ரிசீவர் என் கைக்கு வந்தது. விஷயத்தைச் சொன்னேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"அதுல ஒண்ணுமில்லீங்க தம்பி, நிறுத்திப்போடுங்க. நான் கெளம்பறப்ப நீங்கெல்லாம் வேலையா இருந்தீங்க. அணைச்சா உங்களுக்கும் நின்னுபோயிருமோன்னுதான் அப்படியே உட்டுட்டு வந்தேன்."

நிறுத்தினேன். ஜோம்பிகள் மொத்தமும் காணாமல் போயின. பில் வந்தது. லாரி கிளம்பியது.

அவர் எங்களை நினைத்து அணைக்கவில்லை. நாங்கள் அவரை நினைத்துத் தொடவில்லை. இரண்டு மரியாதைக்கும் நடுவில் செத்ததெல்லாம் குவிந்துவிட்டது!

போனுக்கு மொத்தச் செலவு பதினாறு ரூபாய். அதில் பன்னிரண்டு, நலம் விசாரித்த வகையில்.