சாரலும் எங்கள் புதுப் பிரிண்டரும்

எங்கள் வீடு குற்றாலத்தில். மகளின் படிப்புக்காக பிரிண்ட், ஸ்கேன், ஜெராக்ஸ் மூன்றும் செய்யும் பிரிண்டர் ஒன்று வாங்கத் தென்காசிக்குப் போனோம். கணவர் விலை கூடியதையே சுற்றிச் சுற்றி வந்தார். நான்தான் பிடிவாதமாக, மை ஊற்றிக்கொள்ளும் வகையில் விலை குறைந்த ஒன்றை எடுத்தேன். சாரலைப் பார்த்தபடி வேலை செய்யலாமே என்று ஜன்னலோரம் வைத்தேன்.

மகளின் தேர்வன்று விடிகாலையில் ஹால் டிக்கெட் எடுக்க உட்கார்ந்தால், தாள் உள்ளே சுருண்டு சிக்கியது. இழுத்தால் கிழிந்தது. அடுத்ததும் அப்படியே. தேர்வு நடக்கும் திருநெல்வேலிக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அந்நேரத்தில் ஜெராக்ஸ் கடையும் திறந்திருக்காது.

"அன்னைக்கே சொன்னேம்லா, சல்லிசா கெடைக்குன்னு வாங்காதன்னு!" மகளின் சுடிதாரைத் தேய்த்துக்கொண்டிருந்த கணவர் கத்தினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மகள்தான் தாளைத் தடவிப் பார்த்தாள்.

"எம்மா, மெஷின் மேல குத்தம் இல்ல. சாரக் காத்துல பேப்பரு முறுக்கு மாதிரி நமத்துக் கெடக்கு. எப்பா, அந்த அயன்பாக்ஸ இங்கன கொண்டாங்க."

அவர் இரண்டு தாள்களைத் தேய்த்து, சூடு ஆறியதும் கொடுத்தார். முதல் தாளிலேயே ஹால் டிக்கெட்டில் அவள் முகம் பளிச்சென்று வந்தது. பஸ்ஸையும் பிடித்துவிட்டாள்.

பிரிண்டர் வாங்குபவர்கள் விலையோடு, அது வீட்டில் உட்காரப்போகும் இடத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள். எங்களுடையது இப்போது உள்ளறையில் இருக்கிறது. தாள்கள் இறுக்கமான மூடி போட்ட முறுக்கு டின்னில் இருக்கின்றன. சீசனுக்கு வரும் உறவினர்கள் ஆசையாகத் திறந்து பார்த்து ஏமாந்துபோகிறார்கள். முறுக்கு நமத்தால் நமத்துவிட்டுப் போகட்டும்.