நலம் விசாரிக்க வந்தவர்கள்

'பேத்தி எப்படி இருக்கிறாள்?' — கொஞ்ச நாளாக எனக்கு வரும் போன்களில் இதுதான் முதல் கேள்வி.

நன்றாக இருக்கிறாள். மூச்சு சீராகிவிட்டது. இட்லியில் பாதியைத் துப்பி, மீதியைத் தரையில் தேய்க்கும் அளவுக்குத் தேறிவிட்டாள். விசாரித்த எல்லோருக்கும் நன்றி.

ஆனால் ஒரு திருத்தம் இருக்கிறது.

இனியா நிமோனியாவில் படுத்ததையும், தேறி என் வீட்டுக்கு வந்ததையும் இந்தப் பத்திரிகைப் பத்தியில் எழுதியிருந்தேன். 'தாத்தாவின் கவனிப்பில் குணமாகி வருகிறாள்' என்று கொஞ்சம் பெருமையும் அடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நடந்ததை எழுதவில்லை. பஸ் ஸ்டாண்டு டீ, மின்வெட்டு என்று எதையோ எழுதி ஒப்பேற்றினேன். இன்று சொல்லிவிடுகிறேன்.

என் மகள் செல்விக்குக் கந்தர்வக்கோட்டையில் வீடு. மாப்பிள்ளைக்குக் கத்தாரில் வேலை. இரண்டு வயது நிரம்பாத இனியாவைப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஆக்ஸிஜன் வைத்துக் காப்பாற்றினார்கள். டிஸ்சார்ஜ் செய்யும்போது, "செக்-அப்புக்கு வரணும், கொஞ்ச நாள் டவுன்லயே இருங்க" என்றார் டாக்டர். அதனால் டவுனிலேயே, திருக்கோகர்ணத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள்.

என் மனைவி போன பிறகு அந்த வீட்டில் நான் ஒருவன்தான். டிவி ஓடிக்கொண்டே இருக்கும். யாரும் பார்ப்பதில்லை — நான் உட்பட. சும்மா ஒரு சத்தத்துக்கு.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். "நுரையீரல் இன்னும் முழுசா ஆறல சார். சளி, இருமல் இருக்கற யாரும் பாப்பா பக்கத்துல வரக்கூடாது. ஒரு மாசத்துக்கு விசிட்டர்ஸே வேண்டாம்."

குழந்தையின் மூச்சைக் கவனித்தபடி ராத்திரி முழுக்க விழித்திருந்துவிட்டு, செல்வி மத்தியானம்தான் கண்ணயர்வாள். "அப்பா, வாசக் கேட்டு ஒங்க பொறுப்பு. யாரு வந்தாலும் அங்கிட்டே பேசி அனுப்பிருங்க" என்றாள். நானும் தலையாட்டினேன். முப்பது வருஷம் கல்லூரியில் பாடம் நடத்தியவனுக்கு இது புரியாதா என்ன?

மற்ற வேலைகளை ஒழுங்காகத்தான் செய்தேன். நெபுலைசர் மாஸ்க்கைப் பார்த்தாலே இனியா அலறுவாள். அவளுடைய துணி யானையைக் கொண்டுவந்து, அதன் தும்பிக்கைக்குப் பக்கத்தில் மாஸ்க்கைக் காட்டி, ரயில் மாதிரி நானே சத்தம் கொடுத்தேன்.

"யானை மருந்து குடிச்சிருச்சு... அடுத்தது யாரு?"

"நானு!"

மாஸ்க்குக்குள் இருந்து அவள் கண் மட்டும் சிரிக்கும். கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுவேன். கையைக் குவித்து முதுகில் தட்டிக்கொடுப்பேன். இந்தக் கையால் இன்னும் ஒருவருக்குப் பிரயோஜனம் இருக்கிறது என்று தோன்றும்.

முதலில் வந்தவர் என்னோடு வேலை பார்த்த நண்பர். கையில் ஹார்லிக்ஸ் பாட்டில். "உள்ள வரல சார், பாப்பா எப்படி இருக்குன்னு கேட்டுட்டுப் போலாம்னு..." என்று அவரேதான் கேட்டுக்கு வெளியே நின்றார். அவர் கடைசியாக என் வீட்டுக்கு வந்தது என் மனைவியின் காரியத்துக்கு.

"என்ன சார் இது, வாசல்ல நின்னுக்கிட்டு! உள்ள வாங்க, ஒரு காபி..." என்று கேட்டைத் திறந்தவன் நான்.

நம் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு நாலு பேர் வர வேண்டுமென்றால் என்ன வேண்டும்? கல்யாணம் வேண்டும், சாவு வேண்டும். இல்லையென்றால் நோயாளி வேண்டும். வருகிறவர்கள் வெறுங்கையோடு வரமாட்டார்கள். வந்தவர்களை நாமும் வாசலோடு அனுப்ப மாட்டோம். அனுப்பினால் அது அவமரியாதை... இதை நான் ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன்.

உண்மை அது இல்லை. எனக்கு அவர்கள் வருவது பிடித்திருந்தது. மத்தியானம் ஆனால் சவரம் செய்துகொண்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்காருவேன். ஒரு பாக்கெட் பால் வாங்கிய வீட்டில் மூன்று வாங்கினேன். குழந்தைக்கு மூச்சு முட்டிய கதையை எத்தனை முறை சொன்னேன், ஒவ்வொரு முறையும் எவ்வளவு நன்றாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

செல்வி எழுவதற்குள் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிடுவேன். ஹார்லிக்ஸும் ஆப்பிளும் பரணுக்குப் போய்விடும். திருடன்கூட இவ்வளவு சுத்தமாக வேலை செய்திருக்க மாட்டான்.

ஒருநாள் மதினி வந்தார்கள். பெரியப்பா மகனின் மனைவி. கேட்டிலிருந்தே ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஏன் தம்பி, எங்களுக்கெல்லாம் ஒரு போனு கெடையாதாக்கும்? நாங்க பத்திரிகையப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிறணுமா?"

உட்கார்ந்ததும் ஒரு இருமல். "மழையில நனைஞ்சிட்டேன், லேசா சளி. மஞ்சப்பாலு குடிச்சிட்டுத்தான் வாரேன். ஒண்ணும் ஒட்டாது" என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். பேச்சுக்குரல் கேட்டு இனியா தத்தித்தத்தி அறையைவிட்டு வெளியே வந்தாள். மதினி வாரி எடுத்து, கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டார்கள்.

'மதினி, குழந்தையைக் கீழே விடுங்கள்.' ஒரே ஒரு வாக்கியம். ஏன் வரவில்லை?

அந்த நேரத்தில் அவர்கள் என் மனைவியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு கல்யாண வீட்டில், சாம்பாரில் உப்பில்லை என்று அவள் சமையல்காரரோடு சண்டைக்குப் போய், கடைசியில் கரண்டியை அவளே வாங்கிக்கொண்ட கதை. "அன்னைக்கி இவ கட்டியிருந்த பட்டுச்சேலையெல்லாம் சாம்பாரு தம்பி!" எனக்குத் தெரியாத கதை. அந்த வீட்டில் அவள் பெயரை ஒருவர் வாய்விட்டுச் சொல்லி வெகுகாலமாகிறது. கதை முடியட்டும் என்று இருந்துவிட்டேன்.

இரண்டு மூன்று நாளில் இனியாவுக்கு மூக்கு ஒழுகியது. அப்புறம் காய்ச்சல். ஒரு காலையில் பார்த்தால், மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறது. நாசி விரிகிறது. அழக்கூடத் தெம்பில்லாமல் செல்வியின் தோளில் துணிபோல் கிடந்தாள்.

ஆட்டோவில் செல்வி குழந்தையின் நெஞ்சில் கை வைத்தபடி வந்தாள்.

மறுபடியும் ஆக்ஸிஜன். டாக்டர் கேட்டார்: "வீட்டுக்கு யாராவது இருமலோட வந்தாங்களா?"

"யாருமே வரல டாக்டர். அப்பா கேட்டுப் பக்கமே உக்காந்திருந்தாங்க" என்றாள் செல்வி.

அவள் அதைச் சொன்ன விதம் இருக்கிறதே... அதில் துளி சந்தேகம் இல்லை. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"வந்தாங்க டாக்டர்" என்றேன். "நான்தான் உள்ளே விட்டேன். ஒருத்தர் ரெண்டு பேர் இல்லை."

டாக்டர் நல்ல மனிதர். "அதனாலதான்னு உறுதியாச் சொல்ல முடியாது சார்" என்றார். அந்த ஆறுதலை நான் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ள உரிமையும் இல்லை.

செல்வி கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருக்கலாம். வெளியே வந்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"பேசறதுக்கு ஆள் வேணும்னா என்கிட்ட சொல்லியிருக்கலாம்லப்பா?"

கேட்டுவிட்டு அவள் வார்டுக்குள் போய்விட்டாள்.

வார்டுக்குள் ஒருவர்தான் துணைக்கு இருக்கலாம். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தபோதெல்லாம் எடுத்து, "யாரும் வரவேண்டாம்" என்றேன். அப்போது அது எவ்வளவு சுலபமாக வந்தது!

இனியா பிழைத்துக்கொண்டாள். மூக்கிலிருந்து குழாயை எடுத்த அன்று, "ஆனை எங்க?" என்று கேட்டாளாம். டிஸ்சார்ஜ் ஆனதும் செல்வி நேராகக் கந்தர்வக்கோட்டைக்குக் கூட்டிப்போய்விட்டாள். "செக்-அப்புக்கு அங்கேருந்தே வந்துக்கிறோம்ப்பா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். ஒரு கையில் துணி யானை — சோப்புப் போட்டு அலசி, நன்றாக வெயிலில் காயவைத்தது. இன்னொரு கையில் ஊதினால் குமிழி வரும் சோப்புத் தண்ணீர் டப்பா. ஊதி விளையாடுவது நுரையீரலுக்கு நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வீட்டு வாசலை நெருங்கும்போது எனக்கு ஒரு இருமல். பஸ்ஸில் வந்த தூசியாக இருக்கலாம்.

"அப்பா... அங்கிட்டே இருங்க" என்றாள் செல்வி. நாற்காலியைக் கொண்டுவந்து முற்றத்து முந்திரி மரத்தடியில் போட்டாள். காபி கொடுத்தாள். கொண்டுபோனதை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவள் செய்தது நூற்றுக்கு நூறு சரி. நான் ஒரு முறைகூடச் செய்யாதது.

ஜன்னல் கம்பிக்குப் பின்னால் இனியா. இடுப்பில் யானை. செல்வி வளையத்தைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துக் கொடுக்க, கன்னத்தை உப்பி ஊதினாள். முதலில் வெறும் எச்சில். அப்புறம் ஒரு குமிழி — சின்னது — கம்பிக்கு நடுவே வெளியே வந்து, முற்றத்தைக் கடந்து, பாதி வழியில் உடைந்தது.

"தாத்தா, புடி!" என்று கத்தினாள். கத்துவதற்கு அவளுக்கு மூச்சு இருந்தது. எனக்கு அது போதும்.

இருட்டுவதற்குள் வீடு வந்து டிவியைப் போட்டேன். பரணில் ஹார்லிக்ஸ் பாட்டில்கள் அப்படியே இருக்கின்றன. இப்போது என் வீட்டுக்கு யார் வேண்டுமானாலும் தாராளமாக வரலாம், நோயாளி யாரும் இல்லை... அதனால்தான் ஒருவரும் வருவதில்லை.