சூப்புக் கிண்ணத்தில் சிவப்பு ஒயின்

என் அண்ணன் ஃபிர்மான், போர்தோ நகரத்துக்குப் பக்கத்தில் லெயோன்யான் கிராமத்தில் திராட்சைக் கொடி வெட்டுகிறவர். குளிர்காலம் முழுக்கக் குனிந்தே இருந்து முதுகு வளைந்துவிட்டது. கேட்டால், "கொடி குட்டையா இருக்கு, நான் என்ன பண்றது?" என்பார். பெரிய ஆசைகள் கிடையாது. கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் சூப்பு மிச்சம் வைத்து, அதில் சிவப்பு ஒயினை ஊற்றி, கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தால் போதும், அன்றைக்கு அவர் ராஜா.

அதற்குத்தான் வந்தது தடை. மகள் சொலேனின் கல்யாணம் பேச, போர்தோவிலிருந்து ஒயின் வியாபாரக் குடும்பம் வருகிறது.

"அப்பா, நாளைக்கு மட்டும் சூப்புல ஒயின் ஊத்திடாதீங்க. அவங்க மோந்து பாத்துக் குடிக்கிறவங்க. என் மானம் போயிடும்."

"சரி கண்ணு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏண்டி, பட்டணத்துக்குப் போனதும் அப்பன் கசந்துட்டானா?"

"நீங்க சும்மா இருங்க அத்தை."

"விடு சின்னவளே, ஒரு வேளைதானே," என்றார் அண்ணன். அவர் முகம் வாடியதை அவள் பார்க்கவில்லை.

மறுநாள் விருந்தில் முதலில் சிப்பி, அதற்குத் துணையாக எங்கள் தோட்டத்து வெள்ளை ஒயின். சம்பந்தி கிளாசுக்குள் மூக்கை விட்டு ஒரு பாட்டம் புகழ்ந்து தீர்த்தார். பிறகு நான் வைத்த முட்டைக்கோஸ் சூப்பு. அடுத்து வரும் கறிக்காகச் சிவப்புப் புட்டியைத் திறந்து நடுவில் வைத்திருந்தேன். அண்ணன் கரண்டியைக் கீழே வைத்தார். அடியில் கொஞ்சம் சூப்பு. புட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இரண்டு கைகளையும் மேசைக்கடியில் ஒளித்துக்கொண்டார். பாவம் மனுஷன்.

சொலேன் மாமியாரிடம் கல்யாணத் தேதி பற்றி மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு வாக்கில் கை தானாகப் புட்டிக்குப் போனது. தன் கிண்ணத்தில் ஊற்றினாள், ஒரு சுழற்று சுழற்றினாள், இரண்டு கையாலும் தூக்கி மடக் மடக்கென்று குடித்துவிட்டாள்.

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அப்போதுதான் அவளுக்கே உறைத்தது.

"இது என்னம்மா?" என்றாள் மாமியார்.

சொலேன் காது வரை சிவந்துபோனாள். அப்பாவைப் பார்த்தாள். அவர் இன்னும் கைகளை வெளியே எடுக்கவில்லை.

"எங்க வீட்டுல சூப்பை இப்படித்தான் முடிப்போம்," என்றாள் நிதானமாக. "அப்பா கத்துக்கொடுத்தது."

புட்டியை அவர் பக்கம் தள்ளினாள்.

"நீங்க ஏம்ப்பா சும்மா உக்காந்திருக்கீங்க? சூப்பு ஆறுது."